ஒரு நாள் வெயிலுக்கு ஓர் இட்லி

ஆடி பிறந்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு, வெயிலுகந்தபுரம் நடுநிலைப் பள்ளியின் சத்துணவு வரிசையில் நாலாம் வகுப்பு பவதாரிணி பச்சையாக வந்து நின்றாள். பச்சைப் பாவாடை, பச்சை ரிப்பன் என்ற கணக்கில் அல்ல; நெற்றி, மூக்கு, கழுத்து, முழங்கை, கால் சுண்டுவிரல் வரை, நேற்று விட்ட முருங்கைக் கொழுந்தைப் போல ஒரே சீரான பச்சை. கரண்டியோடு உட்கார்ந்திருந்த சமையற்காரி சீனியம்மாள் அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். "எங்கட்டி போய்ப் பெரண்டுட்டு வாரே?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டாள். பின்னால் நாற்பது தட்டுகள் காத்திருக்கும்போது அதிசயத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க அவளால் ஆகாது.

செவ்வாய்க்கிழமை நாலு பேர், புதன்கிழமை பதினாறு பேர், வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு அறுபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாக நின்றபோது, மைதானத்தில் யாரோ நாற்று பாவி வைத்தது போல இருந்தது. பெரியவர்களில் ஒருத்தருக்கும் ஒரு நகக்கண்கூடப் பச்சையாகவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது போலத்தான். முதல் இரண்டு நாள் தாய்மார்கள் பயத்தம் மாவு, படிகாரம், சலவை சோப்பு, தேங்காய் நார் என்று வரிசையாகத் தேய்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் மழையில் நனைந்த செடிகளைப் போல இன்னும் மினுமினுப்பானார்களே தவிர வெளுக்கவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் எல்லாருக்கும் பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்தார், அவரிடம் இருந்த மாத்திரை அதுதான் என்பதால். கோடாங்கி உடுக்கையடித்து, அம்மன் இறங்கியிருக்கிறாள், கிடா கேட்கிறாள் என்றார். அம்மன் போன வருஷம் மோட்டார் பழுதானபோதும் அதையேதான் கேட்டிருந்தாள். இரண்டு கட்சிக்காரர்கள் இது எங்கள் கொடியின் பச்சை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளை வெளிச்சத்தில் நிறுத்தி, கொடியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எவருடையதும் இல்லை என்று வருத்தத்தோடு திரும்பிப் போனார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு வாரம் அழுதுவிட்டு, யோசித்துப் பார்த்து, "ஒருவகைக்கு நல்லதுதான், இனிமே எம்மவளக் கறுப்புன்னு எவனும் தட்டிக் கழிக்க முடியாதுல்ல" என்று சமாதானமானார்கள். உண்மையாகவே தொல்லையாக இருந்தவை ஆடுகள்தான். பிள்ளைகள் மேல் புதுப்புல் வாசம் வீசியதால் ஊர் ஆடுகளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வரத் தொடங்கின. அசந்த நேரத்தில் காது மடலைக் கடித்துப் பார்த்தன. வாசலில் முள்வேலி போட்டதும் அந்தப் பிரச்சினையும் தீர்ந்து, பச்சை என்பது வெயிலுகந்தபுரத்தில் சளி மாதிரி, பேன் மாதிரி, பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஒரு சங்கதியாகிப் போனது.

காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே ஆள் அறிவியல் பாடம் நடத்தும் ஜெபக்கனி டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும் என்று பன்னிரண்டு வருஷமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பாதுகாத்திருந்தார்கள். டீச்சர் அதைப் பிடிவாதமாக வெளியே எடுத்தாள். பவதாரிணியின் கன்னத்து உட்புறத்தைத் தீக்குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, வெகுநேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சீனியம்மாளைக் கூப்பிட்டாள்; அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் விழித்திருந்த இன்னொரு பெரிய ஆள் அவள்தான்.

"சீனியக்கா, ஒத்தக் கண்ண மூடிட்டு இதுல பாருங்க."

சீனியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கட்டம் தெரிந்தது. கட்டத்துக்குள் பச்சைப்பயறு சிந்தியது போலக் குட்டிக் குட்டியாக உருண்டைகள்.

"என்ன டீச்சர், பயறு கெடக்கு?"

"அதுதான்க்கா பசுங்கணிகம். இலைக்குள்ள இருக்க வேண்டியது, நம்ம பிள்ளைக உடம்புக்குள்ள வந்து உக்காந்திருக்கு. வெயில் பட்டதும், தண்ணியையும், நாம மூச்சு விடுறோம்ல அந்தக் கரியமில வாயுவையும் சேத்துச் சர்க்கரையா ஆக்கிடும். வெயிலப் பிடிச்சு சர்க்கரைக்குள்ள பூட்டி வைக்கிற வேலை."

"அடுப்பில்லாமலே சமையலா?"

"வெயில்தான் அடுப்பு."

சீனியம்மாள் மறுபடி குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் புகையில் கண் எரிந்த அவளுக்குப் புகையில்லாத சமையல்காரிகள் இத்தனை பேரை ஒரே கட்டத்துக்குள் பார்ப்பது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"ஆனா சமைச்சு வச்சா மட்டும் வயிறு நெறையுமா?" என்று டீச்சர் தொடர்ந்தாள். "இன்னொரு சாமான் இருக்கு. இந்தக் கண்ணாடிக்குத் தெரியாது, அத்தனை பொடிசு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. சர்க்கரையை நம்ம இழுக்கிற மூச்சோட சேத்து, கொஞ்சங்கொஞ்சமா எரிச்சு, உள்ள பூட்டியிருக்க சக்தியை எடுத்துக் கொடுக்கிறது அதுதான். கை ஆட, கண்ணு சிமிட்ட, நெஞ்சு துடிக்க எல்லாத்துக்கும் அதுதான். பசுங்கணிகம் வெயில் போனா வேலையை நிறுத்திரும். இது பகல் பாக்காது, ராத்திரி பாக்காது, எரிச்சுக்கிட்டே இருக்கும். மரத்துக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு."

"அப்ப சமைக்கிறவ பாதி நேரம் லீவு, திங்கிறவன் முழு நேரமும் திங்கான். எங்க வீடு மாதிரியேதான்" என்றாள் சீனியம்மாள்.

சேதி மேலே போனது. மேலே போன சேதி எப்போதும் போல வடிகட்டப்பட்டுத்தான் போனது. ஜெபக்கனி டீச்சர் எழுதிய நாலு பக்கத்தைத் தலைமையாசிரியர் பிச்சைக்கண்ணு ஒரு பக்கமாக்கினார். அதை வாங்கியவர் ஒரு பத்தியாக்கினார். கடைசியில் நடேசமூர்த்தி என்ற அதிகாரியின் மேசைக்கு வந்தபோது அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமிருந்தது. அந்த வாக்கியம் நடேசமூர்த்திக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே மனப்பாடம். தாவரங்கள் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. படித்த படிப்பில் இந்த ஒரு வரி தவிர வேறெதுவும் அவருக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை என்பதால், அதன்மேல் அவருக்கு அளவுகடந்த நம்பிக்கை இருந்தது.

ஆவணியில் அவரே ஜீப்பில் வந்து இறங்கினார். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, ஒருத்தன் கையைத் தடவிப் பார்த்து, விரலை முகர்ந்தும் பார்த்தார். தலைமையாசிரியர் அறையில் வாழையிலை விரித்து, கோழிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டபடியே, உணவு என்பது இனி இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையற்ற பழக்கம் என்று விளக்கினார். வாசலில் மோர்ச் செம்போடு நின்ற சீனியம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, பிள்ளைக மத்தியானம் பசிக்குதுன்னு கேட்டா என்ன சொல்ல?"

"அது பழக்கதோஷம்மா. பசின்னு நெனைச்சாத்தான் பசி. மரம் என்னைக்காவது உன்கிட்ட வந்து பசிக்குதுன்னு கேட்டிருக்கா?"

கேட்டதில்லைதான். அதனால் அவள் மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. வெயிலுகந்தபுரம் நடுநிலைப் பள்ளி 'ஒளியுணவு முன்மாதிரிப் பள்ளி' ஆயிற்று. அரிசி பருப்பு இருந்த அறை பூட்டப்பட்டு, பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம் 'ஒளி வேளை' என்று மாறியது. பையன்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டும், பெண்பிள்ளைகள் கையில்லாத கவுன் போட்டுக்கொண்டும், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கைகளை அகல விரித்து மைதானத்தில் நிற்க வேண்டும். சீனியம்மாளுக்கு வேலை போகவில்லை. 'ஒளியூட்டு உதவியாளர்' என்று கௌரவமான பெயர் கொடுத்திருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விசில் ஊதிப் பிள்ளைகளைத் திருப்பி நிற்க வைப்பது அவள் பொறுப்பு. தோசையைத் திருப்பிப் போடுகிற கை என்பதால் அவளுக்கே கொடுத்ததாகப் பிச்சைக்கண்ணு பிற்பாடு சொன்னார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

உள்ளதைச் சொன்னால், முதல் இரண்டு வாரம் சீனியம்மாளுக்கு அந்த வேலை பிடித்துத்தானிருந்தது. விறகு ஊத வேண்டாம், அண்டாவைத் தூக்க வேண்டாம், முழங்கால் வலி குறைந்து இருமலும் நின்றது. வேப்பமர நிழலில் உட்கார்ந்து விசில் ஊதினாள். மதுரையிலிருந்தெல்லாம் காரில் ஆட்கள் வந்து பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்துப் போனார்கள். பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளிக்காரர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டார்கள். ஊர் முக்கில் 'பசுமைக் குழந்தைகளின் ஊர் உங்களை வரவேற்கிறது' என்று பிளக்ஸ் வைத்தார்கள். அதில் பிள்ளைகள் படம் சின்னதாகவும், ஊர்த்தலைவர் படம் பெரிதாகவும் இருந்தது. தலைவரையும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் பச்சையாக்கியிருந்தார்கள்.

ஜெபக்கனி டீச்சர் மட்டும் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையின் உடம்பில் வெயில் படும் பரப்பு எவ்வளவு, விழுகிற வெயிலில் பச்சையம் பிடித்து வைப்பது எவ்வளவு, நூறு பங்கில் இரண்டு பங்கு தேறினாலே பெரிது, அதில் எத்தனை கலோரி என்று மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது.

"சீனியக்கா, காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் நகராம வெயில்ல நின்னா, ஒரு பிள்ளைக்கு ஒரு இட்லி கெடைக்கும்."

"ஒரு இட்லியா?"

"ஒரே இட்லி. மத்தியானம் ஒரு மணி நேரத்துக்குன்னா, இட்லியில ஒரு விள்ளல்."

"அப்ப மரம் மட்டும் எப்படி டீச்சர் அம்மாம்பெரிசு வளருது?"

"மரத்துக்கு எத்தனை ஆயிரம் இலை! பிறவு அது ஓடுதா, கபடி ஆடுதா, வாய்ப்பாடு ஒப்பிக்குதா? உடம்பைச் சூடா வச்சுக்கிடணுமா? நின்ன எடத்துல நிக்குது. நம்ம பிள்ளைக ஒவ்வொண்ணும் ஒத்த இலை, அதுலயும் துள்ளிக்கிட்டே திரியுற இலை. வாரது ஒரு இட்லி, எரியுறது முப்பது இட்லி."

அவள் இதையெல்லாம் விவரமாக எழுதி, படமும் வரைந்து, மேலிடத்துக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள இட்லி என்பது சத்துணவுப் பட்டியலில் இடம்பெறாத பண்டம் என்பதால், மனு பரிசீலனைக்கு ஏற்கப்படவில்லை.'

அன்றைக்குத்தான் சீனியம்மாள் விசிலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஒழுங்காகப் பார்த்தாள். பார்த்தபின் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விளையாட்டு மணி அடித்தால் சிட்டாகப் பறந்து போனவர்கள், இப்போது மணி அடித்தாலும் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன்கள் புளியங்கொட்டையை ஊறவைத்துத் தின்றார்கள். பவதாரிணியின் வாயோரம் வெள்ளையாக இருந்தது. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். சீனியம்மாள் அவள் கையை விரித்துப் பார்த்தபோது பாதி கடித்த சாக்பீஸ் இருந்தது.

"பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னா என்னட்டி?"

"சொல்லக் கூடாதுத்தே. சொன்னா நான் சரியான பச்சை இல்லேன்னு சொல்லுதாங்க."

வீட்டிலும் இதே கதைதான். அந்த ஊரில் பெரும்பாலானவர்கள் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் விடிந்ததும் ஏறிப் போகிறவர்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஒரு வேளை என்றால் அது பள்ளிக்கூடத்துச் சோறுதான். முன்பெல்லாம் ராத்திரிக்குக் கொஞ்சம் உலை வைத்தவர்கள்கூட, பகலெல்லாம் வெயில் குடித்த பிள்ளைக்கு இது போதும் என்று அளவைக் குறைத்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. இல்லாத வீட்டில், பிள்ளைக்குப் பசிக்காது என்று யாராவது அரசாங்க முத்திரையோடு எழுதிக் கொடுத்தால், நம்புவதற்கு அது எவ்வளவு இதமாக இருக்கும்!

சீனியம்மாள் வீட்டிலிருந்து மொச்சையை அவித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். ஆளுக்கு நாலு மொச்சை வந்தது. ஒரு வாரத்தில் அவள் வீட்டு மொச்சைப் பானை காலியானது. தலைமையாசிரியரிடம் போய் நின்றாள்.

"சார், பிள்ளைக சாக்பீஸத் திங்குதுக."

பிச்சைக்கண்ணு கெட்ட மனிதர் அல்ல. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதமே இருந்த மனிதர். "சாக்பீஸா?" என்று கேட்டார். "சுண்ணாம்புச் சத்தும்மா. செடிகளுக்கு அதெல்லாம் தேவைப்படும்" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் டப்பாவை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார்.

தீபாவளிக்கு மறுநாள் மழை பிடித்தது. அந்த ஊரில் மழை என்பது கோவில் கொடை மாதிரி, எப்போதாவது வந்து ஒரு நாளில் முடிந்துவிடும். இந்தத் தடவை வானம் ஈரச்சாக்கு போலத் தொங்கிக்கொண்டு, விடாமல், விலகாமல், சூரியன் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளமில்லாமல், ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள் என்று கொட்டிக்கொண்டேயிருந்தது. தீக்குச்சி காயாததால் தீப்பெட்டி ஆபீஸ்களை மூடினார்கள், வேன் வரவில்லை, வீடுகளில் உலை ஏறவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் ஒழுங்காக நடந்தது. உத்தரவில் 'தினமும்' என்று போட்டிருந்ததே தவிர, மேகம் இருந்தால் என்ன செய்வது என்று போடவில்லை. எனவே பன்னிரண்டரைக்கு மணி அடித்தார்கள். அறுபத்திரண்டு பிள்ளைகளும் கொட்டுகிற மழையில் கைகளை விரித்து, பல் கிடுகிடுக்க, இல்லாத வெயிலுக்கு முகத்தைக் காட்டி நின்றார்கள். சீனியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு விசில் ஊதினாள். பிச்சைக்கண்ணு குடைக்குள் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"டீச்சர், வெயிலே இல்லியே, இப்ப உள்ள என்ன நடக்கும்?" என்று சீனியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

ஜெபக்கனி டீச்சரின் கண் கலங்கியிருந்தது, மழையாகவும் இருக்கலாம். "சமையல் நின்னு போச்சுக்கா. ஆனா எரிக்கிறது நிக்காதுல்ல. சர்க்கரை இல்லேன்னா கொழுப்பை எரிக்கும். கொழுப்பு இல்லேன்னா சதையை எரிக்கும். வீட்டுல வெறகு தீந்தா கதவைப் பேத்து எரிக்கிற மாதிரி."

ஆறாம் நாள், இரண்டாவது விசிலுக்கு எல்லோரும் திரும்பியபோது பவதாரிணி மட்டும் திரும்பவில்லை. நின்றபடியே மடங்கி, சேற்றில் சத்தமில்லாமல் விழுந்தாள். சீனியம்மாள் ஓடிப்போய்த் தூக்கினாள். தினமும் அண்டா தூக்கிப் பழகிய கைக்கு அந்தப் பிள்ளை ஒரு காய்ந்த கருவேப்பிலைக் கொத்தளவுகூடக் கனக்கவில்லை. பச்சையும் மங்கி, பழுத்த இலை போல ஓரமெல்லாம் மஞ்சள் ஓடியிருந்தது. விரல்கள் சில்லென்று இருந்தன.

அவள் பிள்ளையை டீச்சர் மடியில் கிடத்தினாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சமையல்கூடத்து மூலையில் மூன்று மாதமாகச் சும்மா கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய், பூட்டின்மேல் போட்டாள். மூன்றே அடி. பூட்டு தொங்கிப் போனது. அரக்கு சிவப்பாகச் சிதறியது.

பிச்சைக்கண்ணு குடையை எறிந்துவிட்டு ஓடிவந்தார். "சீனியம்மா! அரக்கு! அரக்கைப் போயி..."

"அரக்கெல்லாம் பொறுக்கி எடுத்து வைக்கேன் சார், பெறவு ஒட்டிக்கிடலாம். இப்ப வழிய விடுங்க."

அவர் வழியை விட்டார். அதோடு நில்லாமல், நனையாத விறகு தன் அறையில் பழைய பெஞ்சாக இருக்கிறது என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். ஏழு மாதமே மிச்சமிருந்த ஒரு மனிதரிடமிருந்து வந்த அந்தப் பெஞ்சைப் பற்றி வெயிலுகந்தபுரம் ரொம்ப காலம் பேசியது.

அரிசியில் வண்டு விழுந்திருந்தது. சீனியம்மாள் மூன்று தண்ணீரில் அலசினாள். பருப்பைக் குழைய வேகவைத்து, பூண்டைத் தட்டிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில், மூன்று மாதமாக அந்த வளாகத்தில் இல்லாத வாசனை மழைக்குள்ளே நுழைந்து, வகுப்பு வகுப்பாகப் போய், ஒவ்வொரு பிள்ளையின் மூக்கையும் பிடித்து இழுத்து வந்தது. பச்சை விரல்கள் தட்டில் அளையும் சத்தம் மட்டும்தான். சீனியம்மாள் குழைந்த சோற்றைப் பிசைந்து பவதாரிணிக்கு ஊட்டினாள். ஒரு வாய், இரண்டு வாய், ஐந்தாம் வாய்க்குப் பிள்ளை தானாகவே வாயைத் திறந்தது. அவள் மறு கையால் அந்தச் சில்லிட்ட விரல்களைப் பிடித்துக்கொண்டேயிருந்தாள். கால்மணி நேரம் போனபின் உள்ளங்கையில் மெல்லிசாகச் சூடு வந்தது. அது விரல்களுக்கு ஏறி, நகக்கண் வரை வந்து நின்றது.

"டீச்சர், கை சுடுது."

"எரியுதுக்கா" என்று டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். "உள்ள நல்லா எரியுது."

எட்டாம் நாள் நடேசமூர்த்தி மழைக்கோட்டோடு விசாரணைக்கு வந்தார். அரக்குத் துண்டுகளை எண்ணினார்; நாலு குறைந்தன. முன்மாதிரித் திட்டத்தின் பயனாளியை நேரில் விசாரிக்க வேண்டும் என்றார். பவதாரிணியைக் கூட்டி வந்தார்கள்.

"பாப்பா, பயப்படாம சொல்லு. உனக்குப் பசிக்குதா?"

"இல்ல சார். இப்பத்தான் சாப்பிட்டேன்."

நடேசமூர்த்தி எழுதினார்: 'பசியில்லை என மாணவி தெளிவாகத் தெரிவித்தார்.' சீனியம்மாளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது; அதையும் எழுதிக்கொண்டார், 'விசாரணையின்போது சிரித்தார்' என்று. அன்று சாயந்தரமே அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து காகிதம் கொடுத்தார்கள். அரிசி அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. அரக்கு இந்தத் தடவை இரண்டு மடங்கு.

மறுநாள் காலை, பணியில் இல்லாத சீனியம்மாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே, ரோட்டோரத்தில் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் கீழே மூன்று கல்லைக் கூட்டினாள். அங்கே விதி ஒன்றும் இல்லை. பவதாரிணியின் அம்மா முந்தானையில் இரண்டு கை அரிசி கொண்டுவந்து கொட்டினாள், முகத்தை நிமிர்த்தாமலே, "எனக்குத் தெரியும்த்தே. தெரிஞ்சும் இருந்தேன்" என்றாள். சீனியம்மாள், "நானுந்தான் விசில் ஊதுனேன்" என்றாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள், அடுத்து பத்துப் பேர். மழை விடும்வரை, விட்டபின்னும், கார்த்திகை பிறந்தபின்னும் ரோட்டோரத்தில் உலை கொதித்தது. பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள், அடித்துக்கொண்டார்கள், முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். பச்சை மட்டும் போகவில்லை; போக வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

கார்த்திகை இரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, நடேசமூர்த்தி முகம் கழுவக் கண்ணாடி முன்னால் நின்றபோது பச்சையாக இருந்தார். செவ்வாய்க்கிழமை அவருடைய அலுவலகத்தில் ஆறு பேர். வியாழனுக்குள் மேலிடம், அதற்கும் மேலிடம் எல்லாம் பாசி பிடித்த குளம் போலாயிற்று. ஒளியுணவு உத்தரவை எழுதும்போது தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று நடேசமூர்த்தி பரந்த மனதோடு 'பச்சை நிறமுடைய அனைவருக்கும்' என்று எழுதியிருந்தார். அலுவலகச் சாப்பாட்டு விடுதியைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். பன்னிரண்டரைக்கு அதிகாரிகள் சட்டையைக் கழற்றி மொட்டைமாடியில் வரிசையாக நின்றார்கள். வீட்டில் அவர் மனைவி, "காலையில வெயில் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் தோசை வார்த்தாள்.

அறுபத்திரண்டு பிள்ளைகள் நூறு நாள் நின்றார்கள். அதிகாரிகள் நாலு நாள் நின்றார்கள். ஐந்தாம் நாள் அவசரக் கூட்டம் போட்டு, மனித உடல் வெயிலால் மட்டும் இயங்காது என்று நிபுணர் குழு புதிதாகக் கண்டுபிடித்தது. முப்பத்தைந்து பேர் கொண்ட அந்தக் குழுவில் கருத்து வேறுபாடே எழவில்லை. முன்மாதிரித் திட்டம் மகத்தான வெற்றியோடு நிறைவு பெற்றதாக அறிவித்து, பூட்டுகளைத் திறந்தார்கள். சீனியம்மாளுக்கும் ஒரு காகிதம் தயாரானது: பூட்டை உடைத்ததற்காக அவள் கண்டிக்கப்படுகிறாள், சமைத்ததற்காக மீண்டும் வேலையில் சேர்க்கப்படுகிறாள். தபாலில் போட்டால் போதும். ஆனால் நடேசமூர்த்தி தாமே நேரில் கொடுப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார், அதுவும் சரியாகப் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேருகிற மாதிரி.

சமையல்கூடத்துக்கு வெளியே அறுபத்திரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூட்டு திறந்ததுமே, காகிதத்துக்குக் காத்திராமல் உள்ளே வந்துவிட்ட சீனியம்மாள் குழம்பு வாளியோடு நடந்துகொண்டிருந்தாள். அவர் காகிதத்தை நீட்டினார். அவள் வாங்கி, படிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் போகவில்லை. மழைக்குப்பின் நன்றாகவே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயில் முழுக்கத் தன்மேல் விழ, கன்னம் ஒட்டி, இளம் வாழைக்குருத்து நிறத்தில் நின்றுகொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில், ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சீனியம்மாளிடம் அவருக்கென்று நூறு நாளாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் இருந்தன. மரம் வந்து பசிக்குதுன்னு கேக்குமா ஐயா என்பது முதலாவது. அதற்குப் பின்னால் இன்னும் காரமாக ஏழெட்டு. அவள் சோற்று வாளியையும் குழம்பு வாளியையும் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசி வரை வந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் தட்டை மட்டும் இரண்டு கையாலும் நீட்டினார். தட்டு லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் அறுபத்திரண்டு பேரிடம் பார்த்திருக்கிறாள். வாய் வரை வந்த முதல் வார்த்தையை அவள் விழுங்கினாள். இரண்டு கரண்டி சோறு போட்டாள். யோசித்து, இன்னும் ஒரு கரண்டி போட்டு, குழம்பை ஊற்றினாள். அவர் அவசர அவசரமாகப் பிசைந்து, நாலு வாய் தின்றபிறகுதான் தலையைத் தூக்கினார். பக்கத்துப் பையனின் தட்டில் உரித்து வைத்திருந்த வெள்ளை முட்டையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது பிள்ளைகளுக்கு" என்றாள் சீனியம்மாள்.